ஏறியதாகத் தெரியவருகிறது

இலுப்பைக்கடவைக்குப் போகும் வீதியில் ஒரு மனிதனின் வலது கால் போனதற்குக் காரணம் நான். அது போதாதென்று, அவர் களவாகப் படகில் ஏறினார் என்று ஓர் அறிக்கை எழுதி, அதில் அவரிடமே கையெழுத்தும் வாங்கினேன். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வேலை செய்த கந்தோர் ஒரு சிறப்பு மலர் வெளியிடப் போகிறதாம். புதிதாகச் சேர்ந்த சாரதிகளுக்குப் பயன்படும்படி, படகு ட்ரெயிலரைப் பாதுகாப்பாக இழுப்பது எப்படி என்று மூத்த சாரதியான நான் சுவையாக ஒரு கட்டுரை தரவேண்டுமாம். புகைப்படம் ஒன்றும் கேட்டிருக்கிறார்கள். சிரித்த முகமாக இருந்தால் நல்லதாம்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் மன்னாரில் இருக்க முடியாது. எல்லா விதிகளையும் படித்தவன் நான். எந்த விதியை மீறினால் என்ன நடக்கும் என்பதையும் நேரில் பார்த்தவன்.

நான் தோட்டவெளிக்காரன். உயர்தரம் வரை படித்தேன். தமிழில் அதிவிசேட சித்தி. ஆசிரியர் நியமனக் கடிதம் வரும் என்று காத்திருந்தேன்; அது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இடையில் சும்மா இருக்க முடியாமல் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தேன். கந்தோரில் சாரதியாகச் சேர்ந்த மூன்றாம் மாதமே, எழுத வேண்டிய கடிதங்களையெல்லாம் எழுதுவினைஞர்கள் என்னிடம் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். "மாஸ்டர், இதை ஒருக்கா நல்ல தமிழில போட்டுத் தாரும்" என்பார்கள். நானும் போட்டுக் கொடுப்பேன். ரயரில் காற்றுப் பார்ப்பதைவிட வசனத்தில் காற்று அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது.

யுத்தம் முடிந்து சனங்கள் ஊர்களுக்குத் திரும்பி வந்த காலத்தில், கடற்றொழில் செய்யும் குடும்பங்களுக்குக் கண்ணாடி இழைப் படகுகள் கொடுக்கும் வேலை எங்கள் கந்தோருக்கு வந்தது. படகுகள் மன்னார் நகரில் ஒரு முற்றத்தில் வரிசையாகக் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ட்ரெயிலரில் ஏற்றி, பிக்கப் வாகனத்தில் பூட்டி, கரையோர ஊர்களுக்கு இழுத்துப் போகவேண்டும். அதற்கு மேற்பார்வையாளராக வந்தவர் சிவஞானம் ஐயா.

அவர் நறுவிலிக்குளத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. படகில் கால் வைத்தவர் அல்ல. கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கினதுமில்லை. எங்கள் கரையோர ஆட்களுக்கு இது பெரிய பகிடி. "நெல்லு மூட்டைக்காரன் எங்களுக்குப் படகு ஏத்தப் பழக்கிறானாம்" என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்கள். அவர் கோபப்படமாட்டார். "நெல்லெண்டாலும் படகெண்டாலும் பாரம் பாரம்தான் தம்பி. றோட்டுக்கு வித்தியாசம் தெரியாது" என்பார்.

ஐயா ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பிழை கண்டால் "சந்தோசம்" என்பார். பெரிய பிழை என்றால் "மிச்சம் சந்தோசம்". அந்தச் சொல்லைக் கேட்டால் செய்த வேலையை முதலில் இருந்து திரும்பச் செய்யத் தொடங்குவோம்.

முதல்முறை நான் படகு இறக்கியது எருக்கலம்பிட்டிப் பக்கம். வெயிலில் ஓடிப்போன கையோடு ட்ரெயிலரைப் பின்னால் எடுத்துக் கடலுக்குள் விடப் பார்த்தேன். ஐயா கையைக் காட்டி நிறுத்தினார். பக்கத்தில் குந்தி, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் புறங்கையால் ட்ரெயிலர்ச் சில்லின் நடுப்பகுதியைத் தொட்டார்.

"சந்தோசம்" என்றார். "கொதிக்குது. இதை இப்பிடியே உப்புத் தண்ணிக்குள்ள விட்டா என்ன நடக்கும்?"

"குளிரும் ஐயா."

"குளிரும். குளிரேக்க உள்ளுக்குத் தண்ணியை உறிஞ்சும். கிறீஸ் போகும், பெயாரிங் கறள் பிடிக்கும், வாற மாதம் சில்லு தனியா உமக்கு முன்னால ஓடும். நீர் பின்னால நிண்டு கைகாட்டலாம். அரை மணித்தியாலம் ஆறவிடும்."

இப்படித்தான் அவர் பழக்கினார். பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கின் அடியில் கையைப் பிடி. கை போகும் பக்கம் ட்ரெயிலரும் போகும். ட்ரெயிலரின் மூக்கை வாகனத்தின் பின்னால் இருக்கும் இழுவைக் குமிழில் பூட்டிய பிறகு, ஜக்கி வைத்து மூக்கைக் கொஞ்சம் உயர்த்திப் பார். வாகனத்தின் பின்பக்கமும் கூட எழும்பினால்தான் பூட்டு உண்மையில் விழுந்திருக்கிறது. சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போடு. பூட்டுக் கழன்றாலும் மூக்கு வீதியில் குத்தாமல் சங்கிலி ஏந்திக்கொள்ளும். பத்துக் கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி, படகைக் கட்டிய பட்டிகளை மறுபடி இறுக்கு.

எல்லாவற்றிலும் பெரிது மூக்குச் சோதனை. மூக்கு என்று நாங்கள் சொல்வது ட்ரெயிலரின் முன் நுனியை, வாகனத்தின் குமிழில் போய் உட்காரும் பகுதியை. படகை ஏற்றி முடித்ததும், பூட்டுவதற்கு முன் ஒருவர் அதைக் கையால் தூக்கிப் பார்க்கவேண்டும். மூச்சைப் பிடித்துத் தூக்கினால் எழும்பவேண்டும், அது சரி. அசையவே இல்லை என்றால் முன்பாரம் கூட. ஒற்றைக் கையில் லேசாக எழும்பினால் பின்பாரம் கூட. பின்பாரம் கூடினால் வேகம் எடுத்ததும் ட்ரெயிலர் நாய் வாலாட்டுவதுபோல் ஆடத் தொடங்கும்.

"அப்பிடி ஆடினா என்ன செய்வீர்?" என்று ஐயா கேட்டார்.

"பிறேக் அடிப்பன் ஐயா."

"மிச்சம் சந்தோசம். பிறேக் அடிச்சா முன்னுக்குப் போறது நிக்கும், பின்னுக்கு வாறது நிக்காது. ஸ்டியரிங்கை நேரா பிடியும். காலை மெல்ல எடும். வேற ஒண்டும் செய்யாதேயும். ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுதான் கஷ்டம், உம்மைப் போலப் படிச்ச ஆக்களுக்கு."

இவற்றையெல்லாம் ஆறு கட்டங்களாகப் போட்ட ஒரு படிவம் இருந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பும் பார்த்துச் சரி அடையாளம் போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். நான் திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரம் முழுவதற்கும் போட்டு வைத்துவிடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். படிவங்கள் பார்க்க அவ்வளவு பாதுகாப்பாக இருந்தன.

அந்த நாள் ஐயா லீவு. நறுவிலிக்குளத்தில் அறுவடை. இலுப்பைக்கடவைச் செபமாலைக்குப் படகு கொண்டுபோகவேண்டும். செபமாலை என் வயதுக்காரர். இடம்பெயர்ந்து முகாமில் இருந்து திரும்பி, தகரக் கொட்டிலில் குடும்பத்தோடு இருந்தவர். படகுப் பட்டியலில் பெயர் வர இரண்டு வருடம் காத்திருந்தார். காலையில் முதல் பஸ்சிலேயே முற்றத்துக்கு வந்து, குளித்து வெள்ளைச் சாரம் உடுத்தி, கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

படகு, இயந்திரம், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் ஒன்றாகக் கொடுக்கும் நாள் அது. செபமாலை எல்லாவற்றையும் படகின் பின்பக்கமே அடுக்கினார். இயந்திரம் பின்னால். வலை மூட்டைகள் பின்னால். ஐஸ் பெட்டியும் பின்னால். முன்பக்கமான அணியத்தில் ஒரு பூமாலையும் அந்தோனியார் படமும் மட்டும்.

"செபமாலை, ரெண்டு வலை மூட்டையை அணியத்துக்குத் தள்ளும்" என்றேன்.

"சேர், சுவாமி மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிக்க முந்தி அணியத்தில பாரம் வைக்கிறேல்லை. கால் படவும் விடுறேல்லை. உங்களுக்குத் தெரியாததே?"

எனக்குத் தெரியும். நானும் வேதக்காரன்தான். என் அப்பாவின் வள்ளத்திலும் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அப்பாவின் வள்ளத்தை எவரும் வாகனத்தில் கட்டி அறுபதில் இழுக்கவில்லை. புது வள்ளம் மணலில் இருந்து கடலுக்கு நாலு பேர் தள்ளப் போன தூரத்துக்கு உண்டான வழக்கம் அது. முப்பது நாற்பது கிலோமீற்றர் தார் வீதிக்கு அந்தோனியார் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

மூக்கைத் தூக்கிப் பார்த்தேன். ஒற்றைக் கையில் எழும்பியது. இதை நான் கனகாலம் எவருக்கும் சொல்லவில்லை. தூக்கினேன், எழும்பியது, திரும்ப வைத்துவிட்டுக் குமிழில் பூட்டினேன். செய்யவேண்டியது என்ன என்றும் தெரியும். படகை ட்ரெயிலரில் ஒரு முழம் முன்னுக்கு இழுத்துக் கட்டினால் போதும். அணியத்தைத் தொடவே தேவையில்லை, வழக்கத்துக்கும் பழுதில்லை. அரை மணித்தியால வேலை. இலுப்பைக்கடவையில் பங்குச் சுவாமியும் ரிபன் வெட்ட வந்த ஒரு பெரிய மனிதரும் காத்திருந்தார்கள். பிந்திப் போனால் என் பெயர் கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

"நீர் முன்னால என்னோட ஏறும்" என்றேன்.

"இல்லை சேர். புதுப் படகை ஆளில்லாமல் கொண்டுபோறேல்லை. நான் கடையாரில இருந்து வாறன்." கடையார் என்பது படகின் கடைசி, சுக்கான் பிடிக்கிறவர் நிற்கும் இடம்.

"பொலிஸ் கண்டா?"

"படுத்துக் கிடப்பன்."

நான் சிரித்தேன். "சரி, ஏறும். கெதியா ஏறும்."

என் வாயால் சொன்ன சொல் அது. அவருடைய உடம்பின் பாரமும் பின்பாரத்தோடு சேர்ந்தது.

மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியைக் கடந்தபோது மெதுவாகத்தான் போனேன். விடத்தல்தீவு கடந்ததும் புதிதாகத் தார்க் காப்பெற் போட்ட நேர் வீதி. பட்டிகளை இறுக்க நிறுத்தவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், செபமாலை படுத்துக் கிடக்கவில்லை. கடையாரில் எழுந்து நின்று, வீதியோரம் போகிறவர்களுக்குக் கை காட்டிக்கொண்டு வந்தார். நான் காலை அழுத்தினேன். படகு இடம் வலமாக ஒரு தரம் அசைந்தது. பிறகு இன்னொரு தரம், கூடுதலாக. ஒன்றும் செய்யாதேயும் என்று ஐயா சொன்னது நினைவு வந்தது. நினைவு வந்தபடியே பிறேக் அடித்தேன்.

ட்ரெயிலர் வாகனத்தைச் சுழற்றிக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தது. படகு பட்டியை அறுத்துக்கொண்டு மதகுச் சுவரில் மோதியது. செபமாலையின் கால் சுவருக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் கேட்டது, "படகு வெடிச்சுப் போச்சே சேர்?"

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். வேறு எவரையும் விடவில்லை. கந்தோரில் நல்ல தமிழ் எழுதுகிறவன் நான்தானே. வரிகள் இன்றும் மனப்பாடம். "மேற்படி பயனாளி, சாரதியின் அறிவுக்கு அப்பாற்பட்ட வகையில், வாகனம் புறப்பட்டதன் பின்னர் படகினுள் ஏறியதாகத் தெரியவருகிறது." தெரியவருகிறதாம். எங்கிருந்து வருகிறது, யாருக்குத் தெரிகிறது, ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு வினைமுற்றைக் கண்டுபிடித்தவனுக்கு உலகத்துச் சாரதிகள் எல்லோரும் சிலை வைக்கவேண்டும்.

மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். செபமாலைக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. மனைவி றோசலின் வாசிப்பாள், ஆனால் அவள் தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்தாள். அவள் போகும்வரை நான் வெளியில் நின்றேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன எழுதியிருக்கு சேர்?"

தாளைக் கண்ணுக்கு நேரே பிடித்து வாசித்தேன். "கடுங்காத்துக்கு ட்ரெயிலர் ஆடி, படகு சரிஞ்சு விபத்து நடந்தது எண்டு இருக்கு."

அவர் தலையணையில் தாளை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதிவிட்டுக் கேட்டார்: "உங்கட வேலைக்கு ஒண்டும் வராதே?"

"வராது" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை.

லீவு முடிந்து வந்த சிவஞானம் ஐயா அறிக்கையை இரண்டு தரம் வாசித்தார்.

"மூக்கைத் தூக்கிப் பாத்தனீரோ?"

"ஓம் ஐயா. பாரமாத்தான் இருந்தது."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உம்மட தமிழ் நல்ல தமிழ்" என்றார். பிறகு, "மிச்சம் சந்தோசம்." கையெழுத்து வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு அவர் ஓய்வுபெறும்வரை எனக்கு ஒருநாளும் பிழை சொல்லவில்லை. 

செபமாலைக்குக் கடிதம் போனது. விதிமுறைக்கு மாறாகத் தானாகவே படகில் ஏறியமையால் பயனாளிகள் பட்டியலில் இருந்து பெயர் நீக்கப்படுகிறது என்று. அந்தக் கடிதத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள், நல்ல தமிழில் போட. போட்டுக் கொடுத்தேன். படகைத் திருத்தி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அதை இழுத்துப் போனதும் நான். அந்தமுறை மூக்கை ஒழுங்காகத் தூக்கிப் பார்த்தேன்.

சில வருடங்களுக்குப் பிறகு அதே ஊருக்குப் போனபோது, மீன் நிறுக்கும் கொட்டிலில் ஒருவன் இன்னொருவனிடம், "கிழிஞ்ச வலையைக் களவேறியிட்டைக் குடுத்தனான், நாளைக்குப் பொத்தித் தருவார்" என்றான்.

"அது ஆர் களவேறி?" என்று கேட்டேன்.

"தெரியாதே சேர்? களவாப் படகில ஏறி, காலையும் குடுத்து, படகையும் குடுத்த வீரன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதோடு எப்படிக் காலம் தள்ளினாய் என்று யாராவது கேட்டால், நன்றாகவே தள்ளினேன். நேரத்துக்குச் சாப்பிட்டேன். பதவி உயர்வு வந்தது. பாதுகாப்பான சாரதி என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள். ஓய்வுபெற்று வீட்டில் இருந்தபிறகுதான், செய்வதற்கு வேறு வேலை இல்லாமல், மனச்சாட்சி வேலைக்கு வந்தது. எல்லோரும் ஓய்வுபெறும் வயதில் அதற்கு முதல் நியமனம்.

முதலில், நடந்ததைக் கடிதமாக எழுதிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். கணினிக்கு முன்னால் இருந்த பிள்ளை மரியாதையாகக் கதிரை தந்தாள்.

"அந்த விபத்துக் கோவை மூடியாச்சு ஐயா."

"அதில இருக்கிறது பொய், பிள்ளை. நான் எழுதின பொய்."

அவள் கணினியில் தேடிப் பார்த்தாள். "அப்ப திருத்தத்துக்கு எந்தப் படிவம் எண்டு தெரியேல்லையே. பேர், முகவரி பிழையெண்டா இருக்கு." என் கடிதத்தை வாங்கிக்கொண்டாள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. தங்கள் கடிதம் கவனத்திற்கு எடுக்கப்பட்டுள்ளதாம். அந்த வசனத்தை ஒருகாலத்தில் அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

பிறகு யாழ்ப்பாணம் போகும் பஸ்சில் ஏறி இலுப்பைக்கடவையில் இறங்கினேன். செபமாலை வீட்டு முற்றத்தில் கதிரையில் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"இருங்கோ, இருங்கோ" என்றேன். ஒரு காலத்தில் அவரை நீர் என்று சொன்னவன்.

றோசலின் வெளியில் வந்தாள். நின்றபடியே சொல்லி முடித்தேன். மூக்கு எழும்பியது, ஏறும் என்று சொன்னது, ஆஸ்பத்திரியில் வாசித்தது. செபமாலை வலையில் இருந்து கையை எடுக்கவில்லை. அவள்தான் மெல்லக் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அண்டைக்கே சொன்னனான்தானே" என்றார் அவர், அவளைப் பாராமல். "சேர்தான் ஏறச் சொன்னவர் எண்டு."

"சொன்னியள்" என்றாள். "காயிதம் வேறயெல்லே சொல்லிச்சுது. உங்கட கையெழுத்தும் கிடந்தது." பிறகு, "ஊர் களவேறி எண்டு சொல்லேக்க நானும் சேந்து சொன்னனே" என்றாள்.

கந்தோருக்குக் கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றைச் சட்டைப்பையில் இருந்து எடுத்தேன். "வாசிக்கிறன் கேளுங்கோ."

"நீங்கள் வாசிக்க வேண்டாம். தாங்கோ."

வாங்கி, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாசித்தாள். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"சாரதியினால் தவறு இழைக்கப்பட்டது. இழைக்கப்பட்டது எண்டா?"

"செய்யப்பட்டது."

"ஆர் செய்தது?"

"சாரதி."

"சாரதி ஆர்?"

"நான்."

"அப்ப நான் எண்டு எழுதுங்கோவன். இதென்ன, ஆரோ வழியில போனவன் செய்த மாதிரி."

உள்ளே போய்ப் பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் இருந்து தாள் கிழித்துக் கொண்டுவந்தாள். நான் எழுதினேன். செபமாலை களவாக ஏறவில்லை. நான்தான் ஏறச் சொன்னேன். பாரம் பிழை என்று தெரிந்துகொண்டே ஓடினேன். பிறகு பொய் எழுதி, வேறு ஒன்றை வாசித்துக்காட்டி, அவரிடம் கையெழுத்து வாங்கினேன். பெயர் போட்டுக் கையெழுத்து வைத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய ஆகச் சின்ன அறிக்கை.

அதையும் விரல் வைத்து வாசித்தாள். ஒரு பிழையும் சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு, படலையைத் திறந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். வேலிக்கு அப்பால் அவள் சத்தமாக வாசிப்பது கேட்டது.

"என்னை மன்னிப்பியளோ?" என்று செபமாலையிடம் கேட்டேன்.

"அதைப் பிறகு பாப்பம். அவ வாசிச்சு முடிக்கட்டும்" என்றார். வலையில் அடுத்த கண்ணைப் பிடித்தார். "அவ இண்டைக்கு ஊர் முழுக்க வாசிப்பா. நீங்கள் பஸ்சைப் பிடியுங்கோ."

பஸ் வர ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. தரிப்பிடத்துக்குக் கூரை இல்லை. ஒதுங்க மரமும் இல்லை. அவள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் சத்தம் நின்றதும், வேலிக்கு மேலால் இரண்டு மூன்று முகங்கள் எட்டி என்னைப் பார்த்தன. நான் அவர்கள் பக்கமே திரும்பி நின்றேன்.